தளரச் சுற்றிய காயில்

பிப்ரவரி 9, திங்கள்

திரும்பி வந்த அடுப்புகள் இன்றும் தொழிற்சாலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றின் மேலும் ஏறக்குறைய ஒரே புகார்: மோத்தே வேகும் முன்பே அணைந்துவிடுகிறது. எங்கள் மலையூர் குவெங்காவில் மோத்தே வேகாத அடுப்பை அடுப்பு என்று யார் சொல்வார்கள்? மோத்தேக்கு ஊற வைத்த சோளம் வெடித்துப் பூக்க மணிக்கணக்காகும். கேஸ் அடுப்பு முணுமுணுக்காமல் எரிந்துகொண்டிருக்கும். எங்கள் இண்டக்‌ஷன் அடுப்போ பாதி வழியில் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் செம்புக் காயில் சூடேறிவிடுகிறது. சூடேறினால் எரிந்து போகாமல் இருக்க அடுப்பே மின்சாரத்தை வெட்டிவிடும். வெட்டத்தான் வேண்டும். ஆனால் அடுப்பங்கரையில் நிற்பவளிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா?

மதியம் தலைமை இன்ஜினியர் மோஸ்கோசோ எல்லோரையும் கூப்பிட்டார்.

"புனித வாரம் முடிஞ்சதும் காயிலை வெளிநாட்டுல இருந்து இறக்கிடப் போறோம். வைண்டிங் பிரிவு இனிமே தேவைப்படாது. யாரும் மனசுல வச்சுக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதாம்! காயில் சுற்றும் அந்த வைண்டிங் பிரிவு முழுக்கப் பெண்கள். பாதிப் பேருக்கு வீட்டுக்காரர்கள் நியூயார்க்கில். பணம் வரும் மாதம் வரும், வராத மாதம் வராது. அவர்களின் தலைவி, எல்லோரும் மரியாதையாக தோன்யா என்று கூப்பிடும் தார்ஹேலியா, கையிலிருந்த மரக் கொட்டாப்புளியை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அந்த வெளிநாட்டுக் காயில் மோத்தே வேக வைக்குமா, இன்ஜினியர்?"

மோஸ்கோசோ கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அதுவரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. சூடாகாத காயில் நான் செஞ்சு காட்டுறேன். இங்கயே சுத்தி."

அவர் சிரித்தார். "செஞ்சு காட்டேன் நூபெ. யாரு வேணாம்னா?"

அந்தச் சிரிப்பை நான் விடப்போவதில்லை.

பிப்ரவரி 11

வாயைக் கொடுத்தாயிற்று. இனி புத்தியைக் கொடுக்க வேண்டும்.

எங்கே சூடாகிறது? காயிலில் ஓடும் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றின்மேல் தன் காந்தப்புலத்தை வீசுகிறது. அந்தப் புலம் செம்புக்குள் புகுந்ததும் அங்கே வேண்டாத மின்னோட்டம் வட்டமடிக்கத் தொடங்குகிறது. சுழல் மின்னோட்டம். பானைக்கு அது வேண்டும், பானை சூடாவதே அதனால்தான். கம்பிக்கு அது வேண்டாம். எங்கள் அடுப்பில் பானைக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கைக் கம்பியே தின்றுவிடுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், கம்பியை முடியைவிட மெல்லிய இழைகளாக்கி முறுக்குவது. அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் இழைகள் தடித்தவை, உள்ளூரில் கிடைப்பவை.

சரி, இழை தடித்தே இருக்கட்டும். அதன்மேல் காந்தத்தை இழுக்கிற உலோகத்தில் மெல்லிய முலாம் பூசினால்? புலம் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். செம்புக்குள் இறங்காமல் முலாம் வழியாகவே வளைந்து வெளியே போய்விடும். ஓட்டுக் கூரையில் விழுந்த மழை ஓட்டோடு ஓடிப் போகிற மாதிரி; வீட்டுக்குள் ஈரம் வராது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. தூர தேசங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள், படித்திருக்கிறேன். ஆனால் குவெங்காவில் யாரும் செய்ததில்லை. ஏன் செய்யக் கூடாது? எங்களுக்கு என்ன, கை இல்லையா?

பிப்ரவரி 16

கார்னிவல். யாருக்கும் வேலை கிடையாது, எனக்கு உலர்ந்த துணி கிடையாது. தெருமுனை திரும்பும் முன் மூன்று பால்கனிகளிலிருந்து தண்ணீர் வாளி கவிழ்த்தார்கள். முலாம் பட்டறை லௌதாரோ வீட்டுக்குப் போன் செய்தேன். "கார்னிவல்ல யாராவது கம்பியைப் பத்திப் பேசுவாங்களா? வா, வந்து பன்னித்தலை போட்ட மோத்தே சூப் குடி" என்று கத்தினான். அவனும் நனைந்திருந்தான் போல, பல் தந்தியடித்தது.

பிப்ரவரி 21, சனி

நகை வேலைக்காரர்களின் ஊரான சோர்தெலெக் போய் வந்தேன். லௌதாரோ என்னோடு பள்ளியில் படித்தவன். இப்போது ஊர்ப் பெண்களின் தோடுகளுக்கெல்லாம் முலாம் பூசுகிறான்.

"கம்பிக்கா? முழுக் கம்பிக்குமா? நான் காதுல போடுறதுக்குப் பூசுறவன், நூபெ."

"இதையும் காதுல போடுறதுன்னு நெனச்சுக்கோ. கொஞ்சம் நீளமான காது."

"நிக்கல்னா பரவால்ல. நீ இரும்பையும் சேர்க்கச் சொல்ற. தொட்டி கெட்டுச்சுன்னா கல்யாணப் பொண்ணுகிட்ட என்ன சொல்ல? தோடு துரு பிடிச்சிருச்சும்மா, ஆனா எங்கயோ ஒருத்தி வீட்டுல அடுப்பு நல்லா வேலை செய்யுதுன்னா?"

கடைசியில் மூலையில் கிடந்த பழைய தொட்டியைக் கழுவினான். ஒரு சுருளிலிருந்து கம்பி மெல்ல இறங்கி, தொட்டிக்குள் போய், மறுபக்கம் இன்னொரு சுருளில் ஏற வேண்டும். அதற்கு அவன் மனைவியின் தையல் மெஷின் சக்கரத்தைக் கழற்றிவிட்டான். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

தொட்டியில் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவினான். சாக்கரின். சர்க்கரை வியாதிக்காரர்கள் காப்பியில் போடுவதேதான். "இது போடலன்னா முலாம் விறைச்சுக்கும். விறைச்சுக்கிட்டா கோவக்காரி மாதிரி, எதுக்கும் ஒத்து வராது" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

மார்ச் 5, வியாழன்

முலாம் பூசிய கம்பிக்கு எங்கள் பட்டறையிலேயே வார்னிஷ் கொடுத்தேன். காயிலை நானே சுற்றினேன். வைண்டிங் பிரிவில் கேட்கவில்லை, கேட்டால் மோஸ்கோசோ காதுக்குப் போய்விடும்.

என் கை ஊரறிந்த கை. சீக்சீக்கில் தொப்பி பின்னுகிறவளின் மகள் நான். அங்கே பெண்கள் நடந்துகொண்டே பின்னுவார்கள், சண்டை போட்டுக்கொண்டே பின்னுவார்கள். நான் உட்கார்ந்து பின்னினாலே நார் தளர்ந்து நிற்கும். "உன் தொப்பியைப் போட்டா தலையில காத்தும் அடிக்கும், மழையும் பெய்யும்" என்பாள் அம்மா. தார்ஹேலியா வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "தொப்பி பின்னத் தெரியுமா?" தெரியும் என்றால் தொப்பியை வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஓரம் இறுகியிருந்தால் வேலை. நான் இன்ஜினியருக்குப் படித்ததே அந்தக் கேள்வியிடமிருந்து தப்பிக்கத்தான் என்று சில சமயம் தோன்றும்.

ஆக, என் காயில் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே. அடுப்பில் பொருத்திப் பெரிய பானையை ஏற்றினேன். கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினேன். அடுப்பு கீச்சென்றுகூட வாய் திறக்கவில்லை. கடைசியில் அணைத்துவிட்டு, மேல் கண்ணாடியைக் கழற்றிக் காயிலைத் தொட்டேன். கை வைக்க முடிந்தது!

அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை. அழுதேன்.

மார்ச் 9

மோஸ்கோசோவிடம் காட்டினேன். அளவுகளைப் பார்த்தார், புருவம் ஏறியது. பிறகு காயிலைப் பார்த்தார், புருவம் இறங்கிவிட்டது.

"முதலாளியம்மா முன்னாடி இதையா வைப்ப? பிரிவுல குடுத்து முறையாச் சுத்து. ஏப்ரல் பதிமூணு அவங்க வர்றாங்க. வெளிநாட்டு சாம்பிளும் பக்கத்துல இருக்கும். எது நல்லா ஓடுதோ அது."

சரி. அதுதானே நான் கேட்டது? நான் ஒருத்தி சுற்றி என்ன பயன்? பிரிவு சுற்ற முடிந்தால்தான் பிரிவு பிழைக்கும்.

தார்ஹேலியா என் காயிலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதென்ன, கோழி கிளறினதா?" பிரிவே சிரித்தது. "விடு இன்ஜினியரம்மா. நாங்க இருக்கோம்ல. இந்த ஊர்ல இப்படி ஒண்ணு யாரும் பாத்திருக்க மாட்டாங்க, அப்படிச் சுத்தித் தர்றேன்."

மார்ச் 18, புதன்

அதே முலாம் கம்பியில் சொன்னபடியே சுற்றித் தந்தார். அப்படி ஒரு காயிலை நானும் பார்த்ததில்லை. தொப்பியின் உச்சியைத் தொடங்குவதுபோல் நடுவில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றையும் நாரை இழுப்பதுபோல் இழுத்து இறுக்கி, கடைசியில் கல்லின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, தட்டுபோல ஆக்கியிருந்தார்கள். பிரிவில் எல்லோரும் ஆளுக்கு ஒரு தட்டு தட்டினார்களாம், ராசிக்கு.

அது கீச்சிட்டது.

முலாம் பூசாத பழைய காயிலைவிட முன்னதாகவே கீச்சிட்டது. திரும்பப் போட்டோம். திரும்பக் கீச். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மோஸ்கோசோ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை.

"நூபெ, அன்னிக்கு நீ அளந்ததை எழுதினியா, இல்ல அளக்கணும்னு ஆசப்பட்டதை எழுதினியா?"

நானா? நானா பொய் எழுதுவேன்? இத்தன வருஷமா இந்த ஆளோட அளவு தப்பை எல்லாம் சத்தமில்லாம திருத்திக் குடுத்தவ நான். ஒரு நாளாவது வெளிய சொன்னேனா? என்னைப் பாத்து, எல்லார் முன்னாடியும் — தார்ஹேலியா முகத்தைப் பார்க்கவே முடியல. அவங்களும் அதையேதான் நெனக்கிறாங்களோ?

மார்ச் 19

யாரோடும் பேசவில்லை. என் கோழி கிளறின காயிலை மறுபடி ஓட்டினேன். குளுகுளுவென்று ஓடுகிறது. நான் பொய் சொல்லவில்லை. அப்படியானால் என்னதான் நடக்கிறது?

மார்ச் 22, ஞாயிறு

சீக்சீக். அம்மாவைப் பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒளிந்துகொள்ளப் போனேன்.

அம்மா பின்னிக்கொண்டே கேட்டாள். ஒரே கம்பி, ஒரே முலாம், ஒரே வார்னிஷ். அவர்கள் சுற்றியது சூடாகிறது, நான் சுற்றியது ஆகவில்லை என்றேன்.

"உன் கை சுத்தினது நல்லா இருக்கா? என்கிட்ட கத விடாத."

பக்கத்துப் பட்டறையில் தொப்பிகளை அடுக்கிக் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். டொக். டொக். டொக். நாரின் முறுக்கம் போக அடிப்பது. ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருக்க மாட்டார்களா என்று எரிச்சல் வந்தது. சன்னலைச் சாத்தப் போனவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

அடி.

நாரை அடித்தால் மெத்தென்று ஆகும். உலோகத்தை அடித்தால் விறைத்துக்கொள்ளும். இழுத்தாலும் அப்படித்தான். விறைத்துக்கொண்ட முலாம் காந்தப்புலத்துக்கு வழி விடாது. இது புத்தகத்தில் இருக்கிறது, படித்துத்தான் இருக்கிறேன்! லௌதாரோகூடச் சாக்கரினைத் தூவிக்கொண்டே சொன்னான். நான் அவன் கேலியை மட்டும் கேட்டேன்.

என் கை தளர்ச்சி. அதனால்தான் என் காயில் பிழைத்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். "நாரு கசங்குது, தள்ளிப் போ" என்றாள்.

மார்ச் 23, திங்கள்

தோன்றினால் போதாது, காட்ட வேண்டும். மோஸ்கோசோவுக்கு அல்ல, முதலில் தார்ஹேலியாவுக்கு.

என் காயிலை அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். முதலில் ஓட்டிக் காட்டினேன். கீச் இல்லை. பிறகு சுற்றுகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினேன். கல்லின்மேல் வைத்து, அவருடைய கொட்டாப்புளியை எடுத்து ஓங்கித் தட்டினேன். பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்றாள். இருந்த ஒரே நல்ல காயில் அது. எனக்கும் ஐயோ என்றுதான் இருந்தது.

திரும்ப ஓட்டினேன். கீச்.

தார்ஹேலியா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ எங்க கைதான் குத்தம்" என்றார்.

"கை குத்தமில்ல தோன்யா. இந்த முலாம் இழுக்குறதும் தாங்காது, அடிக்கிறதும் தாங்காது. தளரச் சுத்தணும். தட்டக் கூடாது. அவ்வளவுதான்."

"ஏனோதானோன்னு சுத்தச் சொல்ற."

"ஆமா."

"என்கிட்ட. ஏனோதானோன்னு." அவர் கொட்டாப்புளியை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து வைத்தார். "என் கையெழுத்து அது, இன்ஜினியரம்மா. பிரிவை மூடணும்னா மூடுங்க. அசிங்கமா ஒண்ணு சுத்திக் குடுத்துட்டுப் போனாள்னு பேர் வேணாம் எனக்கு."

கோபமாக வந்தது. இவர்களுக்காகத்தானே இத்தனையும்! மனதுக்குள் நிறையத் திட்டினேன். ஆனால் அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 27

லௌதாரோ மறுபடி கம்பி பூசித் தருகிறான். பழைய தொட்டி, அதே தையல் மெஷின் சக்கரம். இம்முறை சாக்கரினைத் தாராளமாகவே போட்டானாம். "உனக்கும் ஒரு ஸ்பூன் குடுக்கட்டுமா?" என்றான்.

பிரிவில் யாரும் சுற்ற மாட்டேன் என்கிறார்கள். சின்னப் பெண்கள் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தார்ஹேலியா சொல்லாமல் அங்கே ஒரு கம்பிகூட வளையாது. நானே சுற்றி வைத்துவிடலாம். வைத்தால்? ஏப்ரல் பதிமூன்றில் நான் ஜெயிப்பேன், பிரிவு போய்விடும். அந்த ஜெயிப்பு எனக்கு எதற்கு?

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

இந்த நாளுக்கென்றே வைக்கும் ஃபனேஸ்கா சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன் — ஒருத்திக்கு எதற்கு இத்தனை பயறு, இத்தனை கருவாடு என்று என்னையே கேட்டுக்கொண்டு. கதவு தட்டப்பட்டது. தார்ஹேலியா. ஒரு கையில் துணி மூடிய அவருடைய ஃபனேஸ்கா, இன்னொரு கையில் ஒரு பை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முதலில் என் சட்டியில் கரண்டி விட்டு ருசி பார்த்தார். "உப்பு இல்ல" என்றார். பிறகு பையைக் கவிழ்த்தார். சாதாரணக் கம்பியில் சுற்றிய காயில்கள். நாலைந்து. எல்லாம் இறுக்கமாக, அழகாக.

"வரல" என்றார். "வீட்டுல உக்காந்து சுத்திப் பாத்தேன். தளர விடணும்னு நெனச்சுக்கிட்டேதான் சுத்துறேன். கை தானா இறுக்குது. நான் வேணும்னு செய்யல. கைக்குத் தெரிஞ்சது அதுதான்."

அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் நான் நறுக்கவில்லை. வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேனே! இவர் இத்தனை நாளும் தனியாக உட்கார்ந்து கையோடு சண்டை போட்டிருக்கிறார்.

"கை இறுக்கினா இறுக்கட்டும்" என்றேன். "நடுவுல எதையாவது வச்சுச் சுத்துங்க. எவ்வளவு இழுத்தாலும் அதுக்கு மேல நெருங்க முடியாதபடி. அப்புறம் அதை உருவிடலாம்."

"எதை வைக்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூலையைப் பார்த்தோம். அம்மா கொடுத்தனுப்பிய தொப்பி நார்க்கட்டு அங்கே சும்மா கிடந்தது, நான் என்றைக்காவது பின்னுவேன் என்ற நம்பிக்கையில்.

ஃபனேஸ்கா ஆறிப் போனது. மேசைமேல் காயில் ஒன்று நாரோடு சேர்ந்து வளர்ந்தது: ஒரு சுற்றுக் கம்பி, ஒரு சுற்று நார். முடித்து நாரை உருவியபோது சுற்றுகள் மூச்சு விட்ட மாதிரி தளர்ந்து நின்றன. தார்ஹேலியா அதைத் தூக்கிப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சே. என்ன அசிங்கம்."

"அருமையா இருக்கு."

"உன் கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்." கிளம்பும்போது வாசலில் திரும்பினார். "முலாம் கம்பி எப்ப வரும், ஞாஞா?"

ஞாஞா. கூடப் பிறந்தவளைக் கூப்பிடுகிற சொல். இத்தனை வருடமாக நான் அவருக்கு இன்ஜினியரம்மாதான். கதவைச் சாத்திவிட்டு உப்பு போட்டேன். அவருடைய ஃபனேஸ்காவைத்தான் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9

சுற்றியாயிற்று. கொட்டாப்புளி மேசைக்கு அடியில். பெண்கள் காயிலைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், பக்கத்துப் பிரிவுக்காரர்கள் பார்த்தால் மானம் போய்விடுமாம். ஓட்டிப் பார்த்தோம். கீச் இல்லை. தார்ஹேலியா அப்போதும் சிரிக்கவில்லை. "மோத்தே போடு, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதலாளியம்மா வந்து நடுவில் உட்கார்ந்தார். இரண்டு அடுப்பு, இரண்டு பானைத் தண்ணீர். மோஸ்கோசோ அரை மணி நேரம் ஓட்டினார். இரண்டும் கொதித்தன. இரண்டும் வாய் திறக்கவில்லை. அவர் குறிப்பேட்டை மூடினார்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. அப்போ இறக்குமதியே போதும். பாக்கவும் அது நல்லா இருக்கு."

நான் எழுந்தேன்.

"வாசல்ல நிக்கிற அடுப்பு எதுலயும் தண்ணி கொதிக்கலன்னு புகார் இல்ல, இன்ஜினியர். மோத்தே வேகலன்னுதான் இருக்கு."

கதவு திறந்தது. வைண்டிங் பிரிவு வரிசையாக உள்ளே வந்தது. ஊற வைத்த சோளத்தை இரண்டு வாளிகளில் தூக்கிக்கொண்டு.

"இது சோதனைக்கூடம்! சமையக்கட்டு இல்ல!" மோஸ்கோசோ கத்தினார்.

"நாம விக்கிறது அடுப்பு" என்றேன்.

முதலாளியம்மா வாளியை எட்டிப் பார்த்தார். "போடுங்க. நான் மட்டும் என்ன, ரொட்டி தின்னா வளந்தேன்?"

பிறகு காத்திருப்பு. பெண்கள் முட்டையும் வெங்காயத்தாளும் கொண்டுவந்திருந்தார்கள். மூலையில் உட்கார்ந்து நறுக்கினார்கள். மோஸ்கோசோ போனில் பேசினார், வைத்தார், மறுபடி பேசினார். முதலாளியம்மா தார்ஹேலியாவிடம் ஊர்க்கதை கேட்டார். சோளம் இன்னும் கல்லாகவே இருந்தது. எங்கள் அடுப்பின் விசிறி ஊளையிட ஆரம்பித்தது. காயில் சூடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான், ஆனால் ஏறியது. நான் அளவுமானியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தேன். கீச் என்றால் எல்லாம் முடிந்தது. பிரிவு, என் பேச்சு, எல்லாம்.

கீச்!

உயிரே போய்விட்டது. தார்ஹேலியா என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். எங்களுடையது இல்லை. வெளிநாட்டுக் காயில் அது.

மோஸ்கோசோ ஓடிப்போய்த் திரும்பப் போட்டார். கொஞ்சம் ஓடி மறுபடி கீச்சிட்டது. "சாம்பிள்ல ஏதோ கோளாறு" என்றார்.

"கோளாறு இல்ல இன்ஜினியர், அது நல்ல காயில்தான்" என்றேன். "கடலோரத்துக் காத்துக்குச் செஞ்சது. நம்ம மலையில காத்து மெல்லிசு. விசிறி எவ்வளவு சுத்தினாலும் சூடு இறங்காது. தண்ணியும் கொறஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும், அதனால சோளம் வேக ரொம்ப நேரம் ஆகும். இங்க காயிலே சூடாகாம இருந்தாத்தான் உண்டு."

எங்கள் பானையில் முதல் சோளம் வெடித்தது. பிறகு ஒன்று, இன்னொன்று. தார்ஹேலியா மூடியைத் திறந்து ஒரு மணியை எடுத்து ஊதி முதலாளியம்மாவிடம் நீட்டினார். அவர் மென்றார்.

"வெந்திருக்கு" என்றார். "அந்தக் காயிலைக் காட்டுங்க பாப்போம்."

கண்ணாடியைக் கழற்றினோம். மோஸ்கோசோ உடனே ஆரம்பித்தார். "பாருங்க சென்யோரா, இது என்ன சுத்தா? இதையா விக்கிறது?"

முதலாளியம்மா மென்றுகொண்டே சொன்னார்: "மூடி போட்டுத்தானே விக்கிறோம்?"

எல்லோரும் முட்டை போட்டு மோத்தே சாப்பிட்டோம். மோஸ்கோசோவும் சாப்பிட்டார். இரண்டு தட்டு.

ஏப்ரல் 15

பிரிவு மூடவில்லை. சின்ன அடுப்புகளுக்கு மட்டும் வெளியிலிருந்து காயில் வருமாம், வரட்டும். பெரிய அடுப்புகள் எங்களுடையவை. முலாம் தொட்டியை எங்கள் முற்றத்திலேயே வைக்கச் சொல்லி லௌதாரோவுக்கு ஆள் போயிருக்கிறது. அவன் மனைவி சக்கரத்தைத் திரும்பக் கேட்கிறாள்.

கூட்டத்தில் மோஸ்கோசோ பேசினார். "நாம ஒரு புது வைண்டிங் முறை கண்டுபிடிச்சிருக்கோம்."

"ஆமா இன்ஜினியர், நாமதான்" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "நீங்க சிரிச்சீங்க, நாங்க சுத்தினோம்."

இதற்காக எனக்கு ஏதாவது வரும். வரட்டும். என்னிடம் எழுதிய அளவுகள் இருக்கின்றன, அவை எல்லாம் அளந்தவை.

ஜூன் 8, திங்கள்

கோர்புஸ் கிறிஸ்தி திருவிழாவுக்கு வாங்கிய இனிப்பு இன்னும் தீரவில்லை. வேலைக்குக் கொண்டுபோனேன், பத்து மணிக்குள் காலி. கொட்டாப்புளி இப்போது வைண்டிங் பிரிவின் கதவுக்கு முட்டு. காற்றில் சாத்திக்கொள்ளாமல் நன்றாகப் பிடிக்கிறது.

புதிதாக இரண்டு பெண்கள் வேலை கேட்டு வந்தார்கள். ஆள் போதவில்லை என்று தார்ஹேலியாவே சொல்லி அனுப்பியிருந்தார். வழக்கமான கேள்வியையே கேட்டார்.

"தொப்பி பின்னத் தெரியுமா?"

முதல் பெண் பெருமையாகப் பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தாள். தார்ஹேலியா ஓரத்தைத் திருப்பினார், விரலால் தடவினார். பெருமூச்சு விட்டார். "என்ன கை! உனக்குக் கொஞ்ச நாள் கஷ்டம்மா. நார் வச்சுத்தான் சுத்தணும்."

இரண்டாவது பெண் பையைத் திறக்கவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. "எனக்கு வராது தோன்யா. பின்னினா தளந்து போகுது. அம்மா தெனமும் திட்டுவாங்க."

தார்ஹேலியா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு" என்றார்.